சட்டப் புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு பேரேடு: பொருளாதாரம், மருத்துவம், அரசு நிதி வழியாகச் சட்டம் படிக்க ஒரு வழிகாட்டி

என் அப்பா காரைக்குடிப் பக்கத்தில் ஒரு வளவில், அதாவது நகரத்தாரின் பெரிய வீட்டில், கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பர்மா, மலேயாக் கொடுக்கல் வாங்கல் எல்லாம் முடிந்துபோய், வாடகை, கோவில் வரி, கல்யாணச் செலவு என்று மிச்சக் கணக்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. ஆனாலும் ஐந்தொகை, அதாவது வரவு செலவின் மொத்தக் கணக்கு, போடாமல் விட மாட்டார். பற்றும் வரவும் நேராகாமல் ஐம்பது காசு இடித்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. "பணம் காணாமப் போகாதுடா. யார் பேர்லயோ ஏறி உக்காந்திருக்கும். யாருன்னு தேடு" என்பார்.

பிறகு நான் சட்டம் படித்தேன். வகுப்பில் கேட்டதை எல்லாம்விட அந்த ஒரு வாக்கியம்தான் தீர்ப்புகளைப் படிக்க எனக்குக் கைகொடுத்தது. ஒவ்வொரு தீர்ப்பும் ஒரு செலவை யாரோ ஒருவர் பேரில் ஏற்றுகிறது. அது யார், அவர் எந்தப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பார், அடுத்த முறை அவர் எப்படி நடந்துகொள்வார் என்று தேடுவதுதான் பொருளாதாரம் வழியாகச் சட்டம் படிப்பது. பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

இந்த வருஷம் அக்கா மகள் காரைக்குடி அரசு சட்டக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். "மாமா, செக்‌ஷன் நம்பரை மனப்பாடம் பண்ணவே நேரம் போதல. நீங்க பட்ஜெட் படிங்கிறீங்க" என்று சலித்துக்கொண்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

எந்தக் கல்லூரி என்பது இதில் இரண்டாம் விஷயம். காரைக்குடி, ராமநாதபுரம், மதுரை அரசு சட்டக் கல்லூரிகள் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை. திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட் தேர்வு எழுத வேண்டும். ஐந்தாண்டுப் படிப்பில் முதல் ஆண்டுகளில் பொருளாதாரத் தாள் வந்தால் அதை ஒப்பேற்றிவிட்டுப் போகாதீர்கள். மூன்றாண்டுப் படிப்பில் சேர்ந்தவர்கள் தனியாகத்தான் படித்துக்கொள்ள வேண்டும். கணக்கு வராது என்று பயப்படுகிறவர்களுக்கு: கூட்டல், பெருக்கல், கொஞ்சம் வட்டிக் கணக்கு தெரிந்தால் போதும்.

சட்டத்தையும் பணக் கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது இந்தச் சீமைக்குப் புதிதும் இல்லை. கோட்டையூர் அழகப்பர் லண்டனில் பாரிஸ்டர் ஆகி வந்து தொழில் நடத்தியவர், கல்லூரி கட்டியவர். கானாடுகாத்தானில் பிறந்த ப. சிதம்பரம் சென்னையில் சட்டமும் ஹார்வர்டில் மேலாண்மையும் படித்துவிட்டு நாட்டின் பட்ஜெட் போட்டவர். அரசியல் பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு கதை.

முதல் படி: நான்கு பத்தி நோட்டு

கடையில் நீளவாக்குக் கணக்கு நோட்டு ஒன்று வாங்குங்கள். பக்கத்தை நான்கு பத்தியாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில் நடந்தது என்ன. இரண்டாவதில் சட்டம் அல்லது நீதிமன்றம் என்ன சொன்னது. மூன்றாவதில் செலவு யார் பேரில் பற்று. நான்காவதில், இந்தத் தீர்ப்பு தெரிந்த பிறகு மனிதர்கள் என்ன மாற்றிச் செய்வார்கள். முதல் மூன்றையும் பேனாவில் எழுதலாம். நான்காவதைப் பென்சிலில் எழுதுங்கள். அது ஊகம்தான், விவரம் கிடைக்கும்போது அழித்துத் திருத்த வேண்டியிருக்கும்.

பழகிக்கொள்ள நம் ஊர்க் கதையே இருக்கிறது. கீழ் பர்மாவில் நெல் வயலை அடமானம் வைத்துக்கொண்டு நகரத்தார் கடன் கொடுத்தார்கள். 1930-களில் உலகமே மந்தத்தில் விழுந்து நெல் விலை சரிந்தது. விவசாயியால் கட்ட முடியவில்லை, நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீத நிலம் நகரத்தார் வசம் இருந்தது. 1938-ல் அது 25 சதவீதம் ஆகிவிட்டது. நிலம் சேர்க்கவா அங்கே போனார்கள்? வட்டிக்குத்தான் போனார்கள். அடமானச் சட்டம் எழுத்துப் பிசகாமல் நடந்தது, விவசாயி பேரில் பற்று எழுதியாயிற்று. நான்காம் பத்தியில் வந்தது கோபம். 1948-ல் சுதந்திர பர்மா நிலத்தை தேசியமயமாக்கிச் சட்டம் போட்டது, பற்று அப்படியே இந்தப் பக்கம் திரும்பியது. பூட்டிக் கிடக்கும் வளவுகளைப் பார்த்து ஆச்சரியப்படும் சுற்றுலாப் பயணிகளுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை.

வாரம் இரண்டு தீர்ப்பு இப்படி எழுதினால் போதும். உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் அதன் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன, சிலவற்றுக்குத் தமிழாக்கமும் உண்டு. தலைப்புக் குறிப்பை மட்டும் படித்துவிட்டு எழுதாதீர்கள். செலவு விவரம் எப்போதும் தீர்ப்பின் நடுவில்தான் ஒளிந்திருக்கும்.

இரண்டாம் படி: விபத்திலிருந்து தொடங்குங்கள்

ஒப்பந்தம், சொத்து என்று பாடத்திட்ட வரிசையில் போகாமல் தீங்கியல் சட்டத்திலிருந்து, அதாவது ஒருவர் செய்த தீங்குக்கு இன்னொருவர் இழப்பீடு கேட்கும் சட்டத்திலிருந்து, தொடங்கச் சொல்வேன். கணக்கு கண்ணுக்குத் தெரியும் இடம் அதுதான்.

முதலில் 1879-ஆம் ஆண்டு இங்கிலாந்து வழக்கு ஒன்று: ஸ்டர்ஜஸ் எதிர் பிரிட்ஜ்மன். மிட்டாய் தயாரிப்பவர் ஒருவர் இருபது ஆண்டுக்கு மேலாக உரலில் இடித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டு டாக்டர் தோட்டத்தின் கோடியில் புதிதாக நோயாளி பார்க்கும் அறை கட்டுகிறார். சத்தத்தில் நோயாளியின் நெஞ்சொலியைக் கேட்டுச் சோதிக்க முடியவில்லை என்று வழக்கு. டாக்டர் ஜெயித்தார். 1960-ல் ரொனால்ட் கோஸ் என்ற பொருளாதார அறிஞர் இதே வழக்கை எடுத்துக்கொண்டு, தீங்கு ஒரு பக்கம் மட்டும் இல்லை என்றார். உரல் ஓடினால் டாக்டருக்கு நஷ்டம், நின்றால் மிட்டாய்க்காரருக்கு நஷ்டம்.

உரலை நம் ஊர் மசாலா மில்லாக மாற்றிக்கொள்ளுங்கள். மில் நின்றால் உரிமையாளருக்கு ரூ.1,50,000 நஷ்டம். ஓடினால் டாக்டருக்கு ரூ.1,00,000 நஷ்டம். நடுவில் சத்தம் தடுக்கும் சுவர் எழுப்ப ரூ.60,000 ஆகும். டாக்டர் ஜெயித்தால் மில்காரர் சுவர் கட்டுவார், ஒன்றரை லட்சத்தை இழப்பதைவிட அறுபதாயிரம் மேல். மில்காரர் ஜெயித்தால் டாக்டரே கட்டுவார், ஒரு லட்சத்தைவிட அறுபதாயிரம் மேல். யார் ஜெயித்தாலும் சுவர் எழும்புகிறது. நீதிமன்றம் முடிவு செய்தது சுவருக்கு யார் காசு என்பதை மட்டும்தான்!

ஆனால் இது இருவரும் செலவில்லாமல் உட்கார்ந்து பேசினால்தான். இங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள் பேச்சை விட்டுப் பத்து வருஷம் ஆகியிருக்கும், வழக்கு தேவகோட்டையில் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கும். பேசித் தீர்க்க முடியாத இடத்தில் தீர்ப்புதான் கடைசி வார்த்தை. ஒரு ஆலைப் புகை, பத்தாயிரம் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். கோஸ் சொன்னதன் சாரமே பேரத்துக்கு ஆகும் செலவுதான். முன்பாதியை மட்டும் படித்துவிட்டுச் சட்டமே வேண்டாம் என்று அவர் சொன்னதாகப் பேசுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அடுத்தது 1947-ல் அமெரிக்க நீதிபதி லேர்னட் ஹேண்ட் ஒரு படகு வழக்கில் சொன்ன சூத்திரம். முன்னெச்சரிக்கைக்கு ஆகும் செலவு ஒரு பக்கம். விபத்து நடக்கும் வாய்ப்பையும் நடந்தால் ஆகும் நஷ்டத்தையும் பெருக்கி வருவது மறு பக்கம். முன்னெச்சரிக்கை மலிவாக இருந்தும் செய்யாவிட்டால் அது அலட்சியம். விடுதியாக மாற்றிய வளவு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மழையில் முற்றம் நனைந்தால் ஆத்தங்குடித் தரைக்கல் வழுக்கும். பாய் விரிக்க வருஷத்துக்கு ரூ.6,000. யாராவது விழ நூற்றில் ஒரு வாய்ப்பு, விழுந்தால் நஷ்டம் ரூ.4 லட்சம். பெருக்கினால் ரூ.4,000. சூத்திரப்படி பாய் போடாதது அலட்சியம் இல்லை. அதே விடுதிக்கு வயதானவர்கள் கூட்டமாக வருகிறார்கள், வாய்ப்பு நூற்றில் மூன்று என்றால்? ரூ.12,000. இப்போது அலட்சியம்.

நம் நீதிமன்றங்கள் இந்தச் சூத்திரத்தை வைத்துத் தீர்ப்பு எழுதுவதில்லை. மருத்துவர் அலட்சியத்துக்கு 2005-ன் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு சராசரித் திறமையுள்ள ஒரு மருத்துவரின் அளவுகோலைத்தான் பிடிக்கிறது. ஆபத்தான தொழில்களுக்கு 1986-ன் எம்.சி. மேத்தா தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போய், அலட்சியமே இல்லாவிட்டாலும் பொறுப்பு உண்டு, நிறுவனம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு இழப்பீடு என்றது. சூத்திரம் நமக்கு எதற்கு என்றால், வாதாடும்போது எந்த விவரத்தைத் தேட வேண்டும் என்று அது சொல்லிக்கொடுக்கும்.

இனி நம் நீதிமன்றங்களில் தினமும் நடக்கும் கணக்கு: விபத்து இழப்பீடு, வக்கீல்கள் பாஷையில் எம்.சி.ஓ.பி. இதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

ஆத்தங்குடியில் கல் வார்க்கும் தொழிலாளி, வயது 34, மாதம் ரூ.15,000, மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயார் என்று நான்கு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். லாரி மோதி இறந்துபோகிறார். 2017-ன் பிரணய் சேத்தி தீர்ப்புப்படி, 40 வயதுக்குக் கீழ் சொந்தத் தொழில் செய்பவருக்கு எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்க வேண்டும்: ரூ.21,000. 2009-ன் சரளா வர்மா தீர்ப்புப்படி நான்கு பேர் சார்ந்திருந்தால் அவருடைய சொந்தச் செலவுக்கு நான்கில் ஒரு பங்கு கழிக்க வேண்டும்: ரூ.15,750. பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டுக்கு ரூ.1,89,000. அதை எத்தனையால் பெருக்குவது என்று வயதுவாரியாகப் பட்டியல் போட்ட எண்ணுக்குப் பெருக்கி என்று பெயர்; 31 முதல் 35 வயது வரை அது 16. ஆக ரூ.30,24,000. இதன் மேல் ஈமச்செலவு முதலான சிறு தொகைகள்.

சட்டம் மட்டும் படித்தவர் இங்கே நோட்டை மூடிவிடுவார். நீங்கள் கேட்க வேண்டியது, ஏன் 16? அறுபது வயது வரை உழைத்திருந்தால் இன்னும் 26 வருஷம். 26-ஆல் ஏன் பெருக்கவில்லை? மொத்தப் பணமும் இன்றைக்கே கையில் கிடைக்கிறது, போட்டு வைத்தால் வட்டி வரும், அதனால்தான். சரி, எந்த வட்டி? ஆண்டுக்கு 4 சதவீதம் என்று வைத்து, 26 வருஷத்துக்கு வருஷம் ஒரு ரூபாய் கிடைப்பதன் இன்றைய மதிப்பைப் போட்டால் 15.98 வருகிறது. ஏறக்குறைய அதே 16. வட்டி 8 சதவீதம் என்றால் 10.8 தான். வயதுப் பட்டியலில் இருக்கும் ஒரு எண்ணுக்குள் ஒரு வட்டி விகிதம் ஒளிந்திருக்கிறது. ரங்கூன் கோவிலில் கூடி நடப்பு வட்டி தீர்மானித்த நகரத்தாரின் பேரப்பிள்ளைகளுக்கு இது புரியாமல் போகக் கூடாது.

அப்புறம் இந்தக் கணக்கின் ஓட்டையும் தெரிய வேண்டும். சம்பாத்தியத்தால் பெருக்கினால் ஏழையின் உயிர் மலிவாகிவிடுகிறது. சம்பளமே இல்லாத வீட்டுப் பெண்ணின் உயிர்? 2021 ஜனவரியில் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம், சமைப்பது, பிள்ளை வளர்ப்பது, முதியவரைப் பார்த்துக்கொள்வது எல்லாம் பொருளாதாரத்துக்குச் செய்யும் பங்குதான், அதற்குக் கற்பித வருமானம், அதாவது சம்பளம் வாங்கியதாகக் கருதி ஒரு தொகை, வைத்தே ஆக வேண்டும் என்றது. இந்தத் தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். என் ஆத்தா உயிரோடு இருந்திருந்தால் வாசித்துக் காட்டியிருப்பேன்.

மூன்றாம் படி: மருத்துவமனை என்ற விசித்திரச் சந்தை

கத்தரிக்காய் வாங்கும்போது சொத்தை எது என்று நமக்கே தெரியும். ஸ்கேன் தேவையா என்பது டாக்டருக்குத்தான் தெரியும். சொல்கிறவரும் விற்கிறவரும் ஒரே ஆள். எப்போது நோய் வரும் என்றும் தெரியாது. 1963-ல் கென்னத் ஆரோ என்ற பொருளாதார அறிஞர் எழுதிய கட்டுரை இதைத்தான் விளக்கியது. மருத்துவத்துக்குத் தனிச் சட்டங்கள் ஏன் என்ற கேள்விக்கு வேர் அங்கே இருக்கிறது. உரிமம், பதிவு, சம்மதப் படிவம் எல்லாமே அந்த அறியாமை இடைவெளியை அடைக்கும் முயற்சிகள்.

நோட்டில் எழுத மூன்று தீர்ப்பு. 1995-ல் வி.பி. சாந்தா வழக்கு: காசு வாங்கும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும். எல்லாருக்கும் இலவசமாகப் பார்க்கும் அரசு மருத்துவமனை வராது. "நாங்கள் வரி கட்டுகிறோமே, அதுதானே கட்டணம்" என்று வாதாடிப் பார்த்தார்கள், நீதிமன்றம் ஏற்கவில்லை. சிலரிடம் காசு வாங்கிச் சிலருக்கு இலவசமாகப் பார்க்கும் இடத்தில் இலவச நோயாளியும் நுகர்வோரே. அவருடைய செலவைக் காசு கொடுத்தவர்கள் சுமக்கிறார்கள் என்பது காரணம். கணக்குப்பிள்ளை எழுதிய தீர்ப்பு மாதிரி இருக்கும்.

1996-ல் மேற்கு வங்கத் தீர்ப்பு. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியாரிடம் போய் சுமார் ரூ.17,000 செலவு. வாழும் உரிமையான 21-ஆம் பிரிவு மீறப்பட்டது, நிதி இல்லை என்பது சாக்கு ஆகாது என்று ரூ.25,000 இழப்பீடு தரச் சொன்னது உச்ச நீதிமன்றம். இரண்டே ஆண்டில், 1998-ல், பஞ்சாப் அரசு ஊழியர்களின் மருத்துவச் செலவைத் திருப்பித் தருவது பற்றி ராம் லுபாயா பக்கா என்பவரின் வழக்கில், எந்த அரசிடமும் எல்லையில்லாப் பணம் கிடையாது, அரசு வரம்பு வைக்கலாம் என்றது அதே நீதிமன்றம்.

முரண்பாடா? தேர்வில் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முதல் வழக்கில் உயிர் போகிற அவசரம், பேரம் பேச நேரமே இல்லாத ஆள். இரண்டாவதில் சிகிச்சை கிடைத்துவிட்டது, அதற்கு எவ்வளவு திருப்பித் தருவது என்பதுதான் கேள்வி. வாசலில் கதவைச் சாத்துவதற்கும் பில்லுக்கு உச்சவரம்பு வைப்பதற்கும் இடையில் கோடு எங்கே விழுகிறது என்று தேடிக்கொண்டே போனால் சுகாதாரச் சட்டத்தில் பாதி பிடிபட்டுவிடும்.

காப்பீட்டை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. பாலிசி ரூ.3 லட்சம், அறை வாடகை வரம்பு ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு ரூ.3,000. காலியாக இருந்தது ரூ.5,000 அறை. வித்தியாசம் நாளுக்கு இரண்டாயிரம்தானே, கையிலிருந்து கொடுத்துவிடலாம் என்று சேர்த்தேன். வக்கீல் நான்! கடைசியில் அறுவைக் கட்டணம், டாக்டர் கட்டணம் எல்லாவற்றையும் ஐந்துக்கு மூன்று என்ற விகிதத்தில் வெட்டித்தான் கொடுத்தார்கள். பெரிய அறை எடுத்தால் பல மருத்துவமனைகளில் மற்ற கட்டணங்களும் சேர்ந்து ஏறும். அடுத்தவன் காசு என்றால் நோயாளி விலை பார்க்க மாட்டான் என்று நிறுவனம் வைத்த கடிவாளம் அந்த விதி. அர்த்தம் இருக்கிறது. ஆனால் அவசரத்தில் ஓடிவருகிறவனுக்கு அதைப் பதினான்காம் பக்கத்தில் சிறிய எழுத்தில் சொல்வதில் அர்த்தம் இல்லை. இந்த இரண்டு பக்கத்தையும் எழுதத் தெரிந்தால் காப்பீட்டுச் சட்டம் வந்துவிட்டது.

நம் மாநிலத்துக்குள் வந்தால் படிக்க நிறைய உண்டு. பொது சுகாதாரத்துக்கென்று 1939-லேயே சென்னை மாகாணம் தனிச் சட்டம் போட்டுவிட்டது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் எல்லா அரசு மருத்துவமனைக்கும் மருந்தை மொத்தமாக வாங்குகிறது. பெரிய அளவில் வாங்கும் ஒரே ஆளுக்கு விலை குறையும், இது பொருளாதாரம். வாங்குவது 1998-ன் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்கு உட்பட்டது, இது சட்டம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒதுக்கீட்டுத் தொகை எழுதிய பாஸ்புக் உண்டு, எடுத்த மருந்துக்கு அதில் பற்று எழுதுவார்கள், இது நிதி. மூன்றும் ஒரே கிடங்கில் இருக்கும் உதாரணம் இதைவிட எனக்குத் தெரியாது.

நான்காம் படி: அரசின் பெட்டகத்தைத் திறந்து பாருங்கள்

மாணவர்கள் ஓடுகிற இடம் இது. எண்களைப் பார்த்ததும் கண் மங்கிவிடுகிறது. அதனால் நம் கோவில் கணக்கிலிருந்து வருவோம். நகரத்தார் கோவில்களில் புள்ளி வரி என்று ஒன்று: கல்யாணமான குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு, கோடீசுவரனுக்கும் அதே தொகை. ஆஸ்தி வரி என்று இன்னொன்று, சொத்துக்கு ஏற்றபடி. வியாபாரத்தில் எடுத்து வைக்கும் மகமை மூன்றாவது. தலைக்கு ஒரே வரி, வசதிக்கேற்ற வரி, வியாபாரத்தின் மேல் வரி: பொதுநிதிப் பாடத்தின் முதல் மூன்று அத்தியாயமும் பிள்ளையார்பட்டியிலோ வைரவன்பட்டியிலோ கிடைத்துவிட்டன. கோவில் பணத்தைப் பற்றித்தான் வரிக்கும் கட்டணத்துக்கும் வித்தியாசம் சொன்ன புகழ்பெற்ற 1954 சிரூர் மடம் தீர்ப்பும் வந்தது. குறிப்பிட்ட சேவைக்கு ஈடாக வாங்குவது கட்டணம். பொதுச் செலவுக்கு வாங்குவது வரி. சாந்தா வழக்கில் வரி ஏன் கட்டணம் ஆகவில்லை என்பது இங்கே பிடிபடும்.

பிறகு அரசியலமைப்பு. 265-ஆம் பிரிவு: சட்டம் இல்லாமல் வரி இல்லை. 266: சட்டப்படி அனுமதி இல்லாமல் அரசின் பொதுப் பெட்டியான தொகுப்பு நிதியிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. 202: மாநிலத்தின் ஆண்டு நிதிநிலை அறிக்கை. 280: ஒன்றியம் வாங்கும் வரியை மாநிலங்களோடு எப்படிப் பங்கிடுவது என்று சொல்லும் நிதிக்குழு. ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் அதிகாரம் பிரிக்கும் ஏழாவது அட்டவணையில் பொது சுகாதாரமும் மருத்துவமனையும் மாநிலப் பட்டியலின் 6-ஆவது இனம். செலவு மாநிலத்தின் தலையில், பெரிய வரிகள் ஒன்றியத்தின் கையில். 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை பகிர்வுத் தொகையில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு என்றது, அதில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம். ஆனால் வரியின் மேல் கூடுதலாகப் போடும் செஸ், சர்சார்ஜ் அந்தப் பகிர்வுத் தொகைக்குள் வராது. வருமான வரியோடு நாம் கட்டும் 4 சதவீத சுகாதார, கல்வி செஸ் என்ன ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள். சுகாதாரம் மாநிலத்தின் வேலை, சுகாதாரம் என்று பெயர் வைத்து வாங்கும் பணம் மாநிலத்தோடு பங்கு போடாத பெட்டியில் விழுகிறது. இது சரியா தவறா என்று பத்துப் பக்கம் எழுதலாம். எழுதுங்கள்.

அப்புறம் ஒரு ஆவணத்தை முழுதாகப் படியுங்கள்: தமிழ்நாடு அரசின் மானியக் கோரிக்கை எண் 19, அதாவது மக்கள் நல்வாழ்வுத் துறைக்குச் சட்டமன்றத்தில் பணம் கேட்கும் ஆவணம். அதோடு வரும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே இருக்கிறது. 2210 என்ற கணக்குத் தலைப்பு மருத்துவம், பொது சுகாதாரத்தின் அன்றாடச் செலவு, சம்பளம், மருந்து. 4210 கட்டடம், கருவி போன்ற மூலதனச் செலவு. புதிய கட்டடம் திறந்து ரிப்பன் வெட்டுவது 4210. அதற்குள் ஆள் இருப்பது 2210. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் ஊரில் பூட்டிக் கிடக்கும் பிரிவுகளைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும். மதிப்பீட்டை மட்டும் பார்க்காதீர்கள், இரண்டு வருஷத்துக்கு முந்தைய உண்மைக் கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். அறிவித்தது ஒன்று, செலவானது ஒன்று.

ஜி.எஸ்.டி.-யில் ஒரே ஒரு நுணுக்கம் சொல்லி விடுகிறேன். மருத்துவச் சேவைக்குப் பெரும்பாலும் வரிவிலக்கு. நல்ல விஷயம்தானே என்று தோன்றும். விலக்கு பெற்ற சேவையை விற்பவர், தான் வாங்கிய பொருளுக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது. மருத்துவமனை வாங்கிய ஏ.சி.-க்குக் கட்டிய வரி பில்லுக்குள் பெயரில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு வரி நீக்கப்பட்டபோதும் இதே கேள்விதான் வந்தது. 18 சதவீதம் போனால் செலவு முழுதாக 18 குறைந்துவிடுமா? என் அப்பா சொன்னதுபோல யார் பேரிலோ ஏறி உட்கார்ந்திருக்கும்.

வெளிநாட்டுச் சொத்து உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று: மலேசியாவின் ஈப்போவில் இருந்த ரப்பர் தோட்டத்து வருமானத்துக்கு இந்தியாவில் வரி உண்டா என்ற செட்டியார் குடும்ப நிறுவன வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்துக்கு முன்னுரிமை கொடுத்தது. வரிச் சட்ட வகுப்பில் இன்றும் சொல்லித் தருகிறார்கள்.

ஐந்தாம் படி: மூன்றும் ஒரே வழக்கில்

கடைசிப் பயிற்சிக்கு 2016 டிசம்பர் 15-ல் வந்த தமிழ்நாடு எதிர் கே. பாலு தீர்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது, 2017 ஏப்ரல் 1 முதல் அமல். காரணம் சாலை விபத்து. திருச்சி–ராமேசுவரம் சாலையில் பஸ்ஸில் போய்வருகிற நமக்கு அந்தக் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

பொருளாதாரம்: குடித்துவிட்டு வண்டி ஓட்டுபவன் கொடுக்கும் விலையில் எதிரே வருபவனின் உயிர் அடங்கவில்லை. வரி போட்டு விலையை ஏற்றுவது ஒரு வழி, கடையைத் தள்ளி வைப்பது இன்னொரு வழி. எது வேலை செய்யும்? விலை ஏறினால் குடிப்பது குறையுமா, சோற்றுச் செலவு குறையுமா?

சுகாதாரம்: 47-ஆம் பிரிவு, பொது சுகாதாரத்தை உயர்த்துவது அரசின் கடமை என்கிறது, மதுவை ஒழிக்க முயல வேண்டும் என்றும் அதே மூச்சில் சொல்கிறது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர இலவசச் சிகிச்சைத் திட்டத்தை அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது.

நிதி: குடிக்கும் மது ஜி.எஸ்.டி.-க்குள் வராது, அரசியலமைப்பே விலக்கி வைத்திருக்கிறது. மாநிலத்தின் கையில் மிச்சமிருக்கும் பெரிய வரிகளில் அது ஒன்று. 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் வசம். 2023–24-ல் வருவாய் ரூ.45,000 கோடிக்கு மேல். ஆக, ஒரே அரசு வலது கையால் விற்று, இடது கையால் சிகிச்சை கொடுக்கிறது.

நான்காம் பத்திதான் சுவாரசியம். தீர்ப்பு வந்ததும் சில மாநிலங்கள் நெடுஞ்சாலையை உள்ளூர்ச் சாலை என்று பெயர் மாற்றின. 2017 மார்ச் 31-ல் நீதிமன்றமே 20,000 பேர் வரை உள்ள ஊர்களுக்கு 220 மீட்டர் போதும் என்றது. ஜூலையில் நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்றது. தமிழ்நாட்டில் சாலையோரம் மூடிய கடைகள் குடியிருப்புக்குள் இடம் தேடின, பெண்கள் ஊர் ஊராக மறியல் செய்தார்கள். இதில் எதை நீதிபதிகள் முன்பே ஊகித்திருக்கலாம்?

ஆறாம் படி: ஊருக்குள் இறங்குங்கள்

ஒரு நாள் முழுதும் விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடக்கும் நீதிமன்றத்தில் உட்காருங்கள். பெருக்கி எண்ணை வக்கீல் சொல்லும் முன் நீங்கள் மனதில் போட்டுப் பாருங்கள். காரைக்குடி அரசு மருத்துவமனைக்குப் போனால் வாசலில் ஒட்டியிருக்கும் காப்பீட்டுத் திட்டப் பலகையை வாசியுங்கள். யாருக்குத் தகுதி, எதற்கு இல்லை என்பதே ஒரு சட்டப் பாடம். தெரிய வேண்டியது கிடைக்காவிட்டால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் வர வேண்டும். கேள்வியைக் கூர்மையாக ஒன்றே ஒன்று கேளுங்கள். "உங்கள் நிதி விவரம் தருக" என்று கேட்டால் ஒன்றும் வராது.

கால அளவு கேட்கிறவர்களுக்கு: முதல் இரண்டு படிக்கு ஒரு செமஸ்டர், மருத்துவத்துக்கு ஒரு செமஸ்டர், நிதிக்கு ஒரு முழு ஆண்டு. நிதியை அவசரப்படுத்தினால் ஒட்டாது.

அக்கா மகள் போன ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு வந்தாள். பாலு வழக்குக்கு மூன்று பத்தி பேனாவில் நிறைந்திருந்தது. நான்காவதில் பென்சிலில் ஒரே ஒரு வரி: "விற்பனை குறைந்தால் 2210-ல் முதலில் எது வெட்டுப்படும்?" பதில் எனக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் மானியக் கோரிக்கை எண் 19-ஐத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் அம்மா இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பணியாரத்தை அங்கேயே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.